கோடுகளும் கிணறுகளும்: சோல் பிராந்தியத்தின் நிலமும் நிர்வாகமும்

சுயநிர்ணயம், எல்லை, அரசு என்பன பற்றிப் புகலிடத்தில் நாம் நடத்திவரும் விவாதங்களில் ஆபிரிக்காவின் கொம்பிலிருந்து இரண்டு பெயர்கள் அடிக்கடி வந்துபோகின்றன. ஒன்று எரித்திரியா. மற்றையது சோமாலிலாந்து. எரித்திரியா 1993இல் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பிரிந்து ஐ.நா. உறுப்புரிமை பெற்றது. சோமாலிலாந்து 1991இல் தன்னைத் தனிநாடாகப் பிரகடனம் செய்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐ.நா. உறுப்பு நாடு எதனதும் அங்கீகாரமின்றி, தனக்கென நாணயம், படை, பாராளுமன்றம், தேர்தல் என்பவற்றோடு இயங்கி வந்தது. அங்கீகாரம் கிடைக்காமலே ஓர் அரசைக் கட்டியெழுப்பலாம் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுபவர்கள் எம்மிடையே உள்ளனர். அந்தச் சான்று பொய்யல்ல. ஆனால் கதையின் ஒரு பாதிதான் அது. மறுபாதி அந்நாடு உரிமை கோரும் நிலத்தின் கிழக்கு ஓரத்தில், சோல் என்ற பிராந்தியத்தில் கிடக்கிறது.

சோலின் நிலத்தையும், அதன்மேல் மாறிமாறி விழுந்த நிர்வாகங்களையும் இங்கு சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறேன். பிரிந்துபோகும் உரிமையைக் கோரும் ஒரு மக்கள் கூட்டம், தன்னோடு வர விரும்பாத இன்னொரு மக்கள் கூட்டத்தை என்ன செய்யும் என்ற கேள்வியே என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

நிலம்

சோமாலியாவின் 18 நிர்வாகப் பிராந்தியங்களுள் சோல் ஒன்று. வடக்கே சனாக், மேற்கே டொக்டேர், கிழக்கே நூகால், தெற்கே எதியோப்பியா. லாஸ் ஆனோட், ஐனபோ, ஹுதுன், தலேஹ் என்பன அதன் மாவட்டங்கள். தலைநகர் லாஸ் ஆனோட். சோமாலி மொழியில் 'லாஸ்' என்றால் கிணறு. 'ஆனோ' என்றால் பால். பாற்கிணறு என்று நாம் பொருள் கொள்ளலாம்.

இந்தப் பெயரிலேயே பிராந்தியத்தின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வடக்கே வறண்ட சோல் மேட்டுநிலம், நடுவே கிழக்கு நோக்கி இந்து சமுத்திரப் பக்கம் இறங்கும் நூகால் பள்ளத்தாக்கு, தெற்கே எதியோப்பியாவுக்குள் நீளும் ஹவுட் புல்வெளி. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை 'கு' என்ற பெரிய மழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் 'டைர்' என்ற சிறிய மழை. டிசம்பர் முதல் மார்ச் வரை நீளும் 'ஜிலால்' என்ற கோடை எல்லோரும் அஞ்சும் காலம். தலேஹ் என்ற பெயர் புவிச்சரிதவியலாளருக்கும் பழக்கமானது. ஜிப்சம் செறிந்த ஒரு பாறைப்படைக்கு அவ்வூரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைக்குள் இருந்து வரும் நீர் பெரும்பாலும் உவர்நீர். ஆதலால் நல்ல நீர் கிடைக்கும் கிணறு எதுவோ அதுவே ஊராகிறது, சந்தையாகிறது, சண்டைக்கும் சமாதானத்துக்கும் உரிய இடமாகிறது.

ஒட்டகம், ஆடு, செம்மறி இவற்றோடு மழையைத் தொடர்ந்து நகரும் மக்களுக்கு எல்லை என்பது கோடு அல்ல. கிணறு தோண்டியவனுக்கு உரியது. புல் வந்து சேர்ந்தவனுக்கு உரியது. ஒரு குலம் மழைக்காலத்தில் ஹவுட்டிலும் கோடையில் பள்ளத்தாக்குக் கிணறுகளின் அருகிலும் வாழும். இன்னொரு குலத்தின் மேய்ச்சல் பரப்புக்குள் நுழையவேண்டி வந்தால் 'ஹீர்' எனப்படும் வழக்காற்றுச் சட்டம் வழிசொல்லும். கொலை நடந்தால் இரத்தப்பணத்தைக் கூட்டாகக் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் கட்டுப்பட்ட உறவுக்குழுவே அரசியலின் அடிப்படை அலகு.

சோலில் வாழ்பவர்களில் பெரும்பான்மையினர் டுல்பஹந்தே குலத்தினர். இவர்கள் தாரோட் என்ற பெருங்குலத்தின் ஹார்தி கிளையைச் சேர்ந்தவர்கள். கிழக்கே நூகாலிலும் பாரியிலும் வாழும் மஜர்தீன், வடக்கே சனாக்கில் வாழும் வர்சங்கலி ஆகியோரும் ஹார்திகளே. மேற்கே ஐனபோ மாவட்டத்தில் பெரும்பான்மையினர் இசாக் குலத்தினர். சோமாலிலாந்தின் மையப்பகுதி முழுவதும் இசாக்குகளின் நிலம். இந்த உறவுமுறையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவன எல்லாம் விளங்கும்.

ஒப்பந்தம் இடாதவர்கள்

பிரித்தானியா இக்கரையோரத்துக்கு வந்தது நிலத்துக்காக அல்ல, இறைச்சிக்காக. ஏடன் துறைமுகத்துப் படைக்கு ஆடு மாடு பெர்பெராவிலிருந்து போகவேண்டியிருந்தது. 1884க்கும் 1886க்கும் இடையில் கரையோரக் குலங்கள் பலவற்றுடன் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் கைச்சாத்திடப்பட்டன. இசாக்கின் கிளைகள் கையெழுத்திட்டன. வர்சங்கலியினர் 1886இல் கையெழுத்திட்டனர். உள்நாட்டில் வாழ்ந்த டுல்பஹந்தேயினர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. 1898 வரை இந்தப் 'பாதுகாப்புப் பிரதேசம்' ஏடன் வழியாகப் பிரித்தானிய இந்திய அரசின் பொறுப்பில் இருந்தது.

கையெழுத்திடாதவர்களின் நிலத்தை 1894 மே 5ஆம் திகதி பிரித்தானியாவும் இத்தாலியும் தமக்குள் பங்கிட்டன. 8ஆம் அகலக்கோடும் 48ஆம் நெடுங்கோடும் சந்திக்கும் புள்ளியிலிருந்து, 9ஆம் அகலக்கோடும் 49ஆம் நெடுங்கோடும் சந்திக்கும் புள்ளிக்கு ஒரு சாய்கோடு. அங்கிருந்து 49ஆம் நெடுங்கோட்டின் வழியே நேரே கடலுக்கு. அந்த நிலத்தின் ஒரு கிணறோ, ஒரு குன்றோ, ஒரு குலத்தின் பெயரோ இந்தக் கோட்டைத் தீர்மானிக்கவில்லை. ஹார்தி மக்களை இரண்டாகப் பிரித்துச் சென்ற இக்கோடுதான் இன்றுவரை சோமாலிலாந்து தனது கிழக்கு எல்லையாகக் கோருவது. மூன்று ஆண்டுகளின் பின், 1897இல், பிரித்தானியா எதியோப்பியாவுடன் செய்த ஒப்பந்தம் தெற்கே ஹவுட் மேய்ச்சல் நிலத்தின் பெரும்பகுதியையும் அப்பால் தள்ளியது.

1899இல் சயித் முகமது அப்துல்லா ஹசன் டெர்விஷ் இயக்கத்தைத் தொடங்கினார். தந்தைவழியில் அவர் ஒகடேன் குலத்தவர். தாய்வழியில் டுல்பஹந்தே. மதத்தலைவர், பெருங்கவிஞர், கொடூரமான போர்த்தலைவர் என்ற மூன்றும் அவரே. அவரது படையின் முதுகெலும்பாக நின்றவர்களில் டுல்பஹந்தேயினர் முக்கியமானவர்கள். அக்குலத்துக்குள் அவரை எதிர்த்தவர்களும் இருந்தனர். 1901 முதல் 1904 வரை பிரித்தானியா நான்கு படையெடுப்புகளை நடத்தியது. இந்தியப் படையினரும் அதில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர். 1910இல் பிரித்தானியர் கரையோரத்துக்குப் பின்வாங்கியபோது, உள்நாட்டில் குலங்களுக்கிடையே மூண்ட போரும் பஞ்சமும் இசாக் மக்களின் நினைவில் ஆறாத வடுவாகத் தங்கின. அதனால் சோலில் விடுதலை வீரராகப் போற்றப்படும் சயித், புராவோவிலும் ஹர்கேசாவிலும் எல்லோராலும் அப்படிப் பார்க்கப்படுவதில்லை.

முடிவு 1920இல் வந்தது. 12 விமானங்கள் கொண்டுவரப்பட்டன. டெர்விஷ்களின் கோட்டைகள் வானிலிருந்து குண்டுவீசப்பட்டன. தலைமையிடமான தலேஹ் பெப்ரவரியில் வீழ்ந்தது. சயித் ஒகடேனுக்குள் தப்பிச்சென்று அவ்வாண்டு டிசம்பரில் இமி என்ற இடத்தில் நோயில் இறந்தார். குடியேற்ற நாடுகளை விமானத்தால் அடக்குவது மலிவானது என்ற பாடத்தைப் பிரித்தானியா இங்கிருந்து ஈராக்குக்கு எடுத்துச்சென்றது. தலேஹ் கோட்டைகளின் கல்லிடிபாடுகள் இன்னமும் சோலில் நிற்கின்றன.

அதன்பின் வந்த நிர்வாகம் மிக மெலிந்தது. சம்பளம் வாங்கும் 'அகில்' என்ற தலைமைக்காரர் வழியாகக் குலங்கள் ஆளப்பட்டன. எமது உடையார், விதானை முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வேறுபாடு: எமது விதானைக்கு ஒரு கிராமம் இருந்தது, அகிலுக்கு இருந்தது ஓர் உறவுக்குழு. 1950களில் பெர்பெரா, ஹர்கேசா, போரமா, புராவோ, எரிகாவோ, லாஸ் ஆனோட் என்று ஆறு மாவட்டங்கள் இருந்தன. பாதுகாப்பு ஒப்பந்தம் எதையும் செய்யாத மக்கள் இவ்வாறாக ஒரு மாவட்ட ஆணையாளரின் கீழ் வந்து சேர்ந்தனர்.

ஒன்றிணைந்த குடியரசில்

1960 ஜூன் 26இல் பிரித்தானிய சோமாலிலாந்து சுதந்திரம் பெற்றது. ஐந்து நாட்களின் பின், ஜூலை 1இல், முன்னாள் இத்தாலியப் பகுதியுடன் இணைந்து சோமாலியக் குடியரசாயிற்று. வடக்கின் அதிருப்தி விரைவிலேயே தெரிந்தது. 1961 ஜூனில் நடந்த அரசியலமைப்பு வாக்கெடுப்பை வடக்கில் பலர் புறக்கணித்தனர், வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தனர். ஆனால் ஹார்தி மக்களுக்கு இணைப்பு என்பது 1894இன் கோடு அழிந்ததைக் குறித்தது. ஒரே நிகழ்வு ஒருவருக்கு இழப்பாகவும் மற்றவருக்கு மீட்பாகவும் இருந்தது. பிற்காலப் பிளவின் விதை இதிலேயே கிடந்தது என்று நான் கருதுகிறேன்.

சோமாலியாவின் நாடாளுமன்ற ஆட்சியும் லாஸ் ஆனோட்டில்தான் முடிந்தது. 1969 ஒக்டோபர் 15இல் அந்நகருக்கு வந்திருந்த ஜனாதிபதி அப்திரஷித் அலி ஷெர்மார்கே காவலர் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆறு நாட்களில் சியாட் பாரே ஆட்சியைப் பிடித்தார்.

பாரேயின் ஆட்சி பிராந்தியங்களை மறுவரைவு செய்தது. 1970களின் நிர்வாக வரைபடத்தில் லாஸ் ஆனோட், கரோவேயுடன் சேர்ந்து நூகால் பிராந்தியத்துக்குள் வந்தது. பழைய பிரித்தானிய–இத்தாலிய எல்லை நிர்வாக வரைபடத்திலிருந்து இவ்விடத்தில் மறைந்தது. 1980களில் சோல் தனிப் பிராந்தியமாகப் பிரிக்கப்பட்டபோது அக்கோடு மீண்டும் தலைகாட்டியது. சீன உதவியுடன் பெலட்வேனிலிருந்து புராவோ வரை போடப்பட்ட தார்வீதி லாஸ் ஆனோட்டை ஊடறுத்துச் சென்றது. ஊர் சந்தை நகரமானது.

இதே காலத்தில் இசாக் மக்கள்மீதான ஒடுக்குமுறை இறுகியது. 1981இல் லண்டனில் புகலிடச் சோமாலிகள் சோமாலி தேசிய இயக்கத்தை அமைத்தனர். 1988 மேயில் அவ்வியக்கம் புராவோவையும் ஹர்கேசாவையும் தாக்கியபோது அரசு தன் சொந்த நகரங்களைக் குண்டுவீசி அழித்தது. பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். இலட்சக்கணக்கானோர் ஹவுட்டைக் கடந்து எதியோப்பியாவின் ஹார்ட்டஷேக் முதலிய முகாம்களுக்கு ஓடினர். பாரேயின் ஆட்சி தங்கியிருந்த குலக்கூட்டணியில் டுல்பஹந்தேயினருக்கும் இடமிருந்தது. இதை மறைத்துச் சோலின் வரலாற்றை எழுத முடியாது. சோமாலிலாந்தின் பிரிவினைக் கோரிக்கை கற்பனை அல்ல, அது புதைகுழிகளின் மேல் எழுந்தது.

இரண்டு உரிமைப் பத்திரங்கள்

1991 மே 18இல் புராவோ மாநாட்டில் சோமாலிலாந்து பிரகடனம் செய்யப்பட்டது. டுல்பஹந்தே முதியோரும் அங்கே இருந்தனர். வென்ற இயக்கம் பழிவாங்கலில் இறங்காமல் மற்றக் குலங்களுடன் பேசியது என்பதை அதன் பெருமையாகவே சொல்லவேண்டும். ஆயுதம் ஏந்திய வெற்றியாளர் முன்னிலையில் கொடுக்கப்பட்ட சம்மதம் எத்தகையது என்று பின்னர் சோலில் கேட்கப்பட்டது. இரு தரப்பும் இன்றுவரை இதில் ஒத்துவரவில்லை.

1998 ஓகஸ்டில் கரோவேயில் புன்ட்லாந்து உருவாக்கப்பட்டது. ஹார்திகள் வாழும் நிலமே அதன் நிலம் என்பது அதன் கோட்பாடு. சோல் அதற்குள் வந்தது. 2001 மேயில் சோமாலிலாந்து தன் அரசியலமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டது. பழைய பிரித்தானியப் பாதுகாப்புப் பிரதேசத்தின் எல்லையே நாட்டின் எல்லை என்று அது வரையறுத்தது. ஏறத்தாழ 97 வீதத்தினர் ஆதரித்தனர் என்று அறிவிக்கப்பட்டது. சோலின் பெரும்பகுதி வாக்களிப்பிலிருந்து ஒதுங்கி நின்றது.

ஆக ஒரே நிலத்துக்கு இரண்டு உரிமைப் பத்திரங்கள். ஒன்று 1894இன் கோடு. மற்றது இரத்த உறவின் கொடிவழி. இரண்டு அரசுகளும் சோலுக்கு ஆளுநர்களை நியமித்தன. 2002 டிசம்பரில் சோமாலிலாந்து ஜனாதிபதி லாஸ் ஆனோட்டுக்கு வந்தபோது புன்ட்லாந்துப் படை தாக்கியது. அடுத்த ஆண்டு முடிவில் நகரம் புன்ட்லாந்தின் கையில். 2007 ஒக்டோபரில், உள்ளூரில் ஒரு பிரிவினரின் துணையுடன், சோமாலிலாந்தின் கையில். 2008இல் சோமாலிலாந்து ஐனபோவைப் பிரித்துச் சரார் என்ற புதிய பிராந்தியத்தை அமைத்தது. புன்ட்லாந்தோ பூஹூட்லேயை மையமாகக் கொண்டு ஐன் என்ற பிராந்தியத்தை வைத்திருந்தது. பிராந்தியம் உருவாக்குவது மக்களுக்குச் சேவை செய்யும் வழியாக இல்லாமல், எதிரியின் வரைபடத்தைக் கலைக்கும் உத்தியாக மாறியது.

இதில் ஒரு முரண்நகை உண்டு. 1964இல் கெய்ரோவில் ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு காலனித்துவ எல்லைகளை அப்படியே ஏற்பதென்று தீர்மானித்தபோது அதை ஏற்க மறுத்த நாடு சோமாலியா. அதன் கொடியிலுள்ள ஐமுனை நட்சத்திரமே ஐந்தாகப் பிரிக்கப்பட்ட சோமாலிகளைக் குறித்தது. அக்குடியரசிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து தன் பிரிவுக்கு ஆதாரமாகக் காட்டுவது அதே கெய்ரோத் தீர்மானத்தின் கோட்பாட்டை. உலகம் புரிந்துகொள்ளும் மொழி அதுதான் என்று அவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் காலனித்துவவாதியின் வரைபடத்தைக் கையில் எடுப்பவன், அவ்வரைபடத்துக்கு ஒருபோதும் சம்மதியாத மக்களுடன் காலனித்துவவாதி கொண்டிருந்த உறவையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறான்.

மூன்றாவது குரல்

லாஸ் ஆனோட்டுக்காக இரு தலைநகரங்களும் போராடியபோது, அங்கு வாழ்ந்தவர்கள் இரண்டிலும் ஓரத்தில்தான் இருந்தனர். 2012 ஜனவரியில் தலேஹ் நகரில் கூடிய டுல்பஹந்தே முதியோரும் புகலிடத்திலிருந்து திரும்பியவர்களும் காதுமோ என்ற தனி நிர்வாகத்தை அறிவித்தனர். இடத்தின் தேர்வு தற்செயலானதல்ல. அது நிலைக்கவில்லை. 2017இல் அதன் தலைவர்களில் ஒரு பகுதியினர் சோமாலிலாந்துடன் உடன்பாட்டுக்கு வந்தனர், மற்றவர்கள் நிராகரித்தனர்.

2022 டிசம்பரில் எதிர்க்கட்சி அரசியல்வாதி ஒருவர் லாஸ் ஆனோட்டில் கொல்லப்பட்டதை அடுத்து மக்கள் தெருவில் இறங்கினர். பல ஆண்டுகளாகத் தொடர்ந்த மர்மக் கொலைகளின் கோபம் அது. ஆர்ப்பாட்டக்காரர்கள் சுடப்பட்டனர். படை நகரை விட்டு விலகியது. 2023 பெப்ரவரி 6இல் முதியோர் கூடிச் சோமாலியக் கூட்டாட்சியின் கீழ் தனி நிர்வாகம் என்று அறிவித்த அன்றே போர் தொடங்கியது. நகரின்மேல் மாதக்கணக்கில் எறிகணைகள் விழுந்தன. மருத்துவமனையும் தப்பவில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து எதியோப்பியாவுக்குள் ஓடினர். 1988இல் ஹர்கேசா மக்கள் ஓடிய அதே திசைக்கு, 35 ஆண்டுகளின் பின், அவர்களுடைய அரசின் குண்டுகளுக்கு அஞ்சி லாஸ் ஆனோட் மக்கள் ஓடினார்கள். ஓகஸ்ட் 25இல் நகருக்கு வெளியேயிருந்த சோமாலிலாந்தின் முக்கிய படைத்தளம் வீழ்ந்தது. ஒக்டோபரில் மொகடிஷு அரசு இந்நிர்வாகத்தை இடைக்கால நிர்வாகமாக ஏற்றது. 2025இல் அது வடகிழக்கு மாநிலம் என்ற பெயரைப் பெற்றது.

எமது விவாதத்துக்கு

நான் வாழும் நகரில் இரு பக்கத்தினரும் இருக்கிறார்கள். 1991 மே 18ஐ ஒருவர் விடுதலை நாள் என்கிறார், மற்றவர் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. இருவரும் அகதிகள், இருவருக்கும் குண்டுவீச்சு தெரியும். ஒருவரது துயரத்தை மற்றவரது துயரத்துக்கு எதிராக நிறுத்துப் பார்ப்பதால் எதுவும் விளங்கப்போவதில்லை.

சோமாலிலாந்தைப் போற்றும் எம்மவர் அதன் வழிமுறையையும் பார்க்கவேண்டும். எமது கோரிக்கையும் காலனித்துவக் காகிதங்களை நாடியதுதான். 1799இன் கிளெக்ஹோர்ன் குறிப்பை 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானம் சான்றாக எடுத்தது. அக்குறிப்பில் இல்லாதவர்களை நாம் என்ன செய்தோம் என்பதற்கு 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் பதில் சொல்வார்கள். சோலும் வடக்கும் ஒன்றல்ல. அங்கே குலம், இங்கே மதமும் மொழியும். ஆனால் நியாயமான காரணத்துக்காக எழுந்த இயக்கம், நிலத்தைத் தன் உடைமையாகவும் அதில் வாழ்பவர்களை அதன் இணைப்பாகவும் பார்க்கத் தொடங்கும் அந்தக் கணம் இரண்டிலும் ஒன்றே.

கோட்டுக்குப் பதில் கொடிவழி என்பதும் விடையல்ல. கொடிவழிக்கு முடிவே கிடையாது. ஹார்தி என்று சேர்த்தால் மஜர்தீனுக்குக் கீழே டுல்பஹந்தே, டுல்பஹந்தே என்று சேர்த்தால் அதற்குள் கிளைகள். ஐனபோவின் இசாக்குகளுக்கு அதில் இடம் எங்கே? சனாக்கின் வர்சங்கலியினர் லாஸ் ஆனோட்டிலிருந்து ஆளப்பட விரும்புகிறார்களா? ஒரு மக்கள் கூட்டத்தின் சம்மதம் ஒருதரம் மாநாட்டில் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பத்திரமல்ல. கிணற்றுக்கு வருபவனிடம் ஒவ்வொரு கோடையிலும் புதிதாகப் பேசித் தீர்ப்பதே அந்நிலத்தின் பழைய வழக்கு. ஹீர் வழக்கு அறிந்த இந்த உண்மையை அரசியலமைப்புகள் இன்னும் அறியவில்லை.

லாஸ் ஆனோட்டில் அமர்ந்துள்ள புதிய நிர்வாகத்துக்கு இப்போது படை உண்டு, கொடி உண்டு, வரைபடமும் உண்டு. சோமாலிலாந்துக்கும் 1991இல் இவை எல்லாம் இருந்தன. தன்னை ஏற்காத சிறுபான்மையை அது எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே, தலேஹ் கோட்டையின் பெயரைச் சொல்லும் உரிமை அதற்கு உண்டா என்று நான் தீர்மானிப்பேன். எமது அரசியலையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்துடையவர்கள் எழுதட்டும்.